வீட்டில் யாரும் இல்லாதபோது படி

என் மகள் பிளஸ் ஒன் சேர்ந்த புதிதில், இயற்பியல் கைடில் பன்னிரண்டு பக்கங்களைக் குறித்துக் கொடுத்து ஜெராக்ஸ் எடுத்துவரச் சொன்னாள். தோழிக்கு வேண்டுமாம். அலுவலகம் போகிற வழியில், துறைமுகச் சாலைத் திருப்பத்தில் இருக்கிற கடையில் கொடுத்தேன். கடைக்காரர் கைடை விரித்துக் கண்ணாடியில் கவிழ்த்தபோது உள்ளேயிருந்து நாலாக மடித்த தாள் ஒன்று விழுந்தது. அதையும் எடுக்கச் சொல்லித்தான் வைத்திருக்கிறேன் என்று நினைத்து, அவர் அதைப் பிரித்து ஒரு நகல் போட்டுவிட்டார். பதின்மூன்று தாள்கள் கைக்கு வந்தன. பதின்மூன்றாவதைக் கடை வாசலில் நின்றபடியே படித்தேன்.

திருத்தமான தமிழ்க் கையெழுத்து. ஏழு புத்தகங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சொல். மூன்று சொற்களே மாறி மாறி வந்தன: விடுதலை, அநீதி, உண்மை. ஒவ்வொரு பெயருக்கும் கீழே சின்னதாக ஒரு குறிப்பு. முதல் புத்தகத்துக்கு, ‘அவசரப்படாதே’ என்று இருந்தது. மூன்றாவதற்கு, ‘இது நம்ம ஊர்க் கதை, பெரியவர்களிடம் கேட்டால் மழுப்புவார்கள்’ என்று. ஐந்தாவதற்கு, ‘வீட்டில் யாரும் இல்லாதபோது படி’. ஏழாவதற்கு, ‘இதற்குப் பிறகு யாரை நம்புவது என்று தெரியாது, பரவாயில்லை’. தாளின் அடியில் ஒரு வரி: ‘சனிக்கிழமை நாலு மணி, எப்போதும் கூடுகிற இடம். போன் எல்லாம் பைக்குள்.’

புத்தகங்களின் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. இதை எழுதலாமா என்று மகளிடம் கேட்டபோது, யாருடைய பெயரும் வரக் கூடாது என்று சொல்லித்தான் சம்மதித்தாள். புத்தகங்களையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

நான் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கன்டெய்னரில் இன்னது இருக்கிறது என்று தாளில் எழுதியிருக்கும். உள்ளே அதுதான் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. முந்திரி என்று எழுதியிருந்தால் மூட்டையைக் கிழித்து முந்திரியைப் பார்க்க வேண்டும். இருபது வருஷமாக இதைச் செய்தவனுக்கு ஒரு தாளை அப்படியே நம்புகிற பழக்கம் போய்விடுகிறது. புத்தகப் பட்டியல் மாதிரி இருக்கிறது, அப்படியென்றால் இது புத்தகப் பட்டியல் இல்லை என்றுதான் மனம் முதலில் சொன்னது.

இந்த ஊரில் வயதுக்கு வந்த பிள்ளைகளை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு போராட்டம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து ஊர் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கூட்டம் என்றாலே வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கிறோம். பிள்ளை நாலு மணிக்கு வர வேண்டியவள் நாலரைக்கு வந்தால் எங்கே போனாய் என்று கேட்கிறோம். என் மகள் சனிக்கிழமை கணக்கு டியூஷன் என்று போய்க்கொண்டிருந்தாள். டியூஷனுக்குப் போகிறவள் போனைப் பைக்குள் எதற்காகப் போட வேண்டும்?

மூலத்தாளைக் கைடுக்குள் இருந்த இடத்திலேயே வைத்தேன். நகலைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை மனைவியிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவள் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன்.

“பிள்ள இப்ப என்னமெல்லாம் படிக்கா?”

“பாடத்தத்தான் படிக்கா. ஏன் கேக்கிய?”

“சும்மாதான்.”

“சும்மால்லாம் நீங்க கேக்க மாட்டியளே,” என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். பதில் கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அவளையும் கவனிக்கத் தொடங்கினேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நூலகத்துக்குப் போனேன். அங்கே நான் நுழைந்து எத்தனையோ வருஷம் இருக்கும். மேசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இருந்தார். பட்டியலில் இருந்த முதல் புத்தகத்தின் பெயரைச் சொன்னேன். யோசிக்காமல், “வெளிய போயிருக்கு” என்றார். இரண்டாவதைச் சொன்னேன். அதுவும் வெளியே போயிருந்தது. மூன்றாவதைச் சொன்னபோது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

“இதெல்லாம் யாரு எடுத்துட்டுப் போயிருக்காங்கன்னு பாக்க முடியுமா? ரிஜிஸ்டர் இருக்கும்லா?” என்று கேட்டேன்.

அவர் மேசைமேல் இருந்த பதிவேட்டின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

“நீங்க எந்த ஆபீஸ் அண்ணாச்சி?”

“கஸ்டம்ஸ் பக்கம்,” என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

“யாரு என்ன படிக்காவன்னு நான் யாருக்கும் காட்ட மாட்டேன். எழுதிக் கேளுங்க, மேல அனுப்புதேன்.”

“இல்லம்மா, நான் ஒரு பிள்ளைக்குத் தகப்பன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டு வாராவ,” என்றார். பிறகு எனக்குப் பின்னால் நின்ற ஒருவரைக் கூப்பிட்டு அவர் புத்தகத்தில் முத்திரை குத்த ஆரம்பித்துவிட்டார்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது கோபமாக இருந்தது. அவர் என்னை உளவு பார்க்க வந்தவன் என்று நினைத்துவிட்டார். என்னைப் பார்த்தால் அப்படியா இருக்கிறது என்று வண்டிக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். அந்த அம்மாவும் இதில் உடந்தை என்று முடிவு கட்டிக்கொண்டு அலுவலகம் திரும்பினேன்.

முதல் மூன்று புத்தகங்களை இணையத்தில் அலுவலக முகவரிக்கு வரவழைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் கோப்புக்குள் வைத்துப் படித்தேன். முதலாவது ஒரு பஸ் கண்டக்டரைப் பற்றியது. அவர் ஒரு விபத்தைக் கண்ணால் பார்க்கிறார். நீ பார்க்கவில்லை என்று ஊரே அவரிடம் நல்லவிதமாக, டீ வாங்கிக் கொடுத்து, சொல்லிச் சொல்லி, கடைசியில் அவருக்கே தான் பார்த்தோமா என்று ஐயம் வந்துவிடுகிறது. இரண்டாவது, சிறையில் இருக்கும் ஒரு பெண் தன் தங்கைக்கு எழுதுகிற கடிதங்கள். மூன்றாவது எங்கள் கரையைப் பற்றியது. மூச்சடக்கி மூழ்கி முத்துச்சிப்பி எடுத்தவர்கள் கரையேறியதும் அவர்கள் வாயைத் திறக்கச் சொல்லி, விரலை விட்டுத் துழாவிச் சோதிப்பார்களாம், முத்தை ஒளித்திருக்கிறார்களா என்று. நானும் அந்தக் கடற்கரைக் குடும்பங்களில் பிறந்தவன்தான். என் வீட்டில் யாரும் இதை எனக்குச் சொன்னதில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டு அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன்.

படித்து முடித்ததும் பயம் அதிகமாகியிருந்தது. மோசமான புத்தகங்களாக இருந்திருந்தால் கவலைப்பட்டிருக்க மாட்டேன். இவை நன்றாக இருந்தன. இவற்றைத் தேர்ந்தெடுத்து, இந்த வரிசையில் அடுக்கி, குறிப்பு எழுதிக் கொடுத்தவன் யாரோ விவரமான ஆள். பிள்ளைகளின் மனசு தெரிந்த ஆள். அப்படிப்பட்ட ஒருவன் பதினாறு வயசுப் பெண்களை எதற்காகத் தேடி வருகிறான்?

அந்தச் சனிக்கிழமை மூன்றரைக்கு மகள் சைக்கிளை எடுத்தாள். “டியூஷனுக்குப் போயிட்டு வாரேன்ப்பா,” என்றாள். ஐந்து நிமிஷம் கழித்து நான் பின்னால் போனேன். அவள் டியூஷன் வீடு இருக்கிற தெருவுக்குள் திரும்பவில்லை. நேரே கடற்கரைப் பூங்காவுக்குப் போனாள். எதிரே ஒரு டீக்கடையில் தூண் மறைவாக இடம் பிடித்து உட்கார்ந்தேன்.

ஆறு பெண்கள் வந்தார்கள். என் மகள் ஒரு துணிப்பையை நீட்ட, எல்லோரும் அதில் போனைப் போட்டார்கள். பிறகு புல்லில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நாலேகாலுக்குத் தாடி வைத்த ஒரு இளைஞன் முதுகில் பெரிய பையோடு வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். பையைத் திறந்து எதையோ எடுத்துக் கொடுத்தான். பெண்கள் கைமாற்றிப் பார்த்தார்கள். அவன் ஏதோ சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் ஏதோ குறித்துக்கொண்டாள். வீட்டில் என்னிடம் அவள் அப்படிச் சிரித்துப் பேசி எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தேன். என் போனை எடுத்து, அவன் முகம் தெரிகிற மாதிரி இரண்டு படம் எடுத்தேன்.

எழுந்து போய், யாரப்பா நீ என்று கேட்டிருக்கலாம். ஐம்பது அடி தூரம்தான். நான் கேட்கவில்லை. டீக்குக் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் கன்டெய்னர் யார்டில் செக்யூரிட்டியாக ஒருவர் இருக்கிறார். காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் எல்லோரும் அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கும் அப்படிக் கூப்பிட்டால்தான் பிடிக்கும். திங்கட்கிழமை காலையில் அவரிடம் படத்தைக் காட்டினேன். என் மகள் என்று சொல்லவில்லை. தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை என்றேன்.

“மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே,” என்றார். “எனக்கு அனுப்பி விடுங்க. நம்ம பழைய ஆளுக இருக்காங்க. ரெண்டு நாளுல சாதகமே எடுத்துரலாம்.”

“பெருசா ஒண்ணும் வேண்டாம் ஏட்டையா. யாருன்னு தெரிஞ்சா போதும்.”

“நீங்க விடுங்க,” என்றார்.

படத்தை அனுப்பினேன். அனுப்பிய கையோடு மனசு லேசானது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

புதன்கிழமை ஏட்டையா தானே அவன் வீட்டுக்குப் போய்விட்டார். வேலையில் இருக்கிறவர் மாதிரியே காக்கி பேன்ட்டும் கையில் நோட்டுமாகப் போய், எதற்குப் பெண்பிள்ளைகளைக் கூட்டம் சேர்க்கிறாய், எந்த இயக்கம், யார் அனுப்பினார்கள் என்று தெருவே கேட்கிற மாதிரி விசாரித்திருக்கிறார். படத்தை அவன் அம்மாவிடம் காட்டியிருக்கிறார். வியாழக்கிழமை யார்டில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஒண்ணுமில்ல அண்ணாச்சி. வட்டமா இருந்த பிள்ளைகள்ல ஒண்ணு அவன் சித்தி மகளாம். திருநெல்வேலில பழைய புத்தகக் கடைல வேல பாக்கான். புத்தகம் கொண்டாந்து குடுக்கானாம். கப்பல் வேலைக்குப் பாஸ்போர்ட் எழுதிப் போட்டிருக்கான். போலீஸ்னு நெனச்சிப் பய நடுங்கிட்டான். இனிமே அந்தப் பக்கம் வர மாட்டான், பாருங்க.”

அவர் எனக்கு உதவி செய்த மகிழ்ச்சியில் இருந்தார். நான் நன்றி சொன்னேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது மகள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மனைவி பக்கத்தில் இருந்தாள். நான் வந்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். மனைவிதான் சொன்னாள், பிள்ளைகள் பூங்காவில் உட்கார்ந்து புத்தகம் படிப்பார்கள், யாரோ ஒளிந்திருந்து போட்டோ எடுத்துப் போலீசுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று.

“யாருன்னு தெரியும்,” என்றாள் மகள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தோழிகளில் ஒருத்தியைச் சொன்னாள். “அவ மாமா போலீஸ்ல இருக்காரு. அன்னைக்கி அவதான் பாத்ரூம் போறேன்னு எந்திரிச்சிப் போனா. போட்டோவும் அந்தப் பக்கத்துல இருந்துதான் எடுத்திருக்கு.”

“தெரியாம ஒருத்திமேல பழி போடாத,” என்றாள் மனைவி.

“வேற யாரும்மா? எங்களத் தவிர யாருக்குமே தெரியாதே.”

நான் கை கால் கழுவப் போகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒன்பது நாளில் நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளையை மற்றவர்கள் தங்கள் வாட்ஸப் குழுவில் இருந்து நீக்கினார்கள். வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காருவதில்லை என்று முடிவு செய்தார்கள். முடிவு செய்தவள் என் மகள். ஒரு நாள் அந்தப் பிள்ளை எங்கள் வீட்டு கேட் வரைக்கும் வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. “அங்கிள், அவ இருக்காளா?” என்றாள். உள்ளேயிருந்து மகள், இல்லை என்று சொல்லச் சொன்னாள். நான் இல்லை என்று சொன்னேன். அவள் மகளின் சைக்கிளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், போய்விட்டாள்.

அந்த வாரத்தில் ஒவ்வொருவரிடமும் எனக்குச் சந்தேகம் இருந்தது. மனைவி என் சட்டையைத் துவைக்கப் போட்டால், பையில் இருக்கும் நகலைப் பார்த்துவிட்டாளோ என்று. ஏட்டையா வேறு யாரிடமாவது என் பெயரைச் சொல்லிவிட்டாரோ என்று. மகள் என்னைச் சாதாரணமாகப் பார்த்தாலே, தெரிந்துவிட்டது என்று. நாலாவது புத்தகம் அலுவலக மேசையில் பிரிக்காமலே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து காலைப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் மாறப் போகிறாளாம் என்று மகள் அம்மாவிடம் சொன்னாள். “போகட்டும்,” என்றாள். அந்தச் சொல்லை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கல் மாதிரி இருந்தது. தட்டைத் தள்ளிவிட்டு, பையில் இருந்த நகலை எடுத்து மேசையில் வைத்தேன்.

“போட்டோ எடுத்தது நான்தாம்மா.”

மகள் முதலில் என்னைப் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்தாள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்: ஜெராக்ஸ் கடை, நூலகம், டீக்கடைத் தூண், ஏட்டையா. விவரமான எவனோ ஒருத்தன் இந்தப் பட்டியலை எழுதி உங்களை இழுக்கிறான் என்று பயந்துவிட்டேன் என்றேன்.

“எவனோ ஒருத்தனா?” என்றாள். குரல் மெதுவாகத்தான் வந்தது. “இது நான் எழுதினது. எங்களோட படிக்க வார ஒன்பதாம் கிளாஸ் பிள்ளைகளுக்குக் குடுக்க எழுதினேன். என் கையெழுத்து ஒங்களுக்குத் தெரியாதாப்பா?”

எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் எழுதிய அவளுடைய நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவள் தமிழில் எழுதிய எதையும் நான் வாங்கிப் படித்ததில்லை.

“அப்ப அந்த அஞ்சாவது புத்தகம்? வீட்டுல யாரும் இல்லாதபோது படின்னு?”

“அதுல கடைசில அழுகை வரும். சத்தம் போட்டு அழணும் போல இருக்கும். அதுக்கு எழுதினேன்.” எழுந்தாள். “போன் பைக்குள்ளன்னு எழுதினது ஒளிக்கதுக்கு இல்ல. படிக்கும்போது யாரும் போனப் பாக்கக் கூடாதுன்னு.”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மனைவி இட்லித் தட்டுகளை அடுக்கினாள். அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பது அவள் முகத்தில் இருந்தது. பூங்கா, புத்தகங்கள், பட்டியல் எல்லாமே. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா என்ன செய்வியளோ, அதத்தான இப்ப செஞ்சிருக்கிய,” என்றாள்.

அன்று பகலில் ஏட்டையாவிடம் வழி கேட்டு அந்த இளைஞன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா கதவைப் பாதி திறந்து, ஆள் இல்லை என்றார். உள்ளே அவன் நிற்பது தெரிந்தது. கதவுக்கு வெளியே நின்றே சொன்னேன், வந்தவர் போலீஸ் இல்லை, படம் எடுத்து அனுப்பியவன் நான், பாஸ்போர்ட்டுக்கு இதனால் ஒன்றும் வராது, வந்தால் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்று. அவன் வெளியே வந்தான். பூங்காவில் பார்த்ததைவிடச் சின்னவனாகத் தெரிந்தான். தாடியை எடுத்திருந்தான்.

“எங்க அம்மா அன்னைல இருந்து நாலு நாள் சாப்பிடல சார்,” என்றான். என்னை உட்காரச் சொல்லவில்லை. பிறகு கேட்டான்: “அந்தப் பிள்ளகிட்டப் போய்ச் சொல்லியாச்சா?”

இல்லை என்றேன்.

“மொதல்ல அங்க போங்க,” என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.

போனேன். தனியாகப் போகவில்லை, வீட்டுக்கு வந்து சொன்னதும் மகளும் கிளம்பி வந்தாள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தவள் என் தோளைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்தப் பிள்ளையின் வீட்டு வரவேற்பறையில் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். என் மகளும் சொன்னாள். “எம்மேலதான் தப்பு,” என்பதையே மூன்று தடவை சொன்னாள். அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை.

“பரவால்ல அங்கிள்,” என்றாள். “ஆனா நாளைக்கி வேற ஏதாவது நடந்தாலும் மொதல்ல எம்பேரத்தான் சொல்லுவாங்க. எங்க மாமா போலீஸ்தான, அது மாறாதுல்லா.”

உள்ளே போய், கடன் வாங்கியிருந்த மூன்று புத்தகங்களை எடுத்துவந்தாள். அட்டை போட்டு, மடிப்பில்லாமல் வைத்திருந்தாள். மகள் வாங்க மறுத்தாள். அவள் மேசைமேல் வைத்துவிட்டாள். நாங்கள் கிளம்பும்போது அவை அங்கேயே இருந்தன.

அவள் பள்ளிக்கூடம் மாறவில்லை. இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள். பரீட்சை, பஸ், டீச்சர் என்று பேசுகிறார்கள். சனிக்கிழமை வா என்று என் மகள் பலமுறை கூப்பிட்டும் அவள் வரவில்லை. அந்த இளைஞனுக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. எந்தக் கப்பலில் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. ஏட்டையாவிடம் நான் நடந்ததைச் சொன்னபோது, “அப்படியெல்லாம் வெளுத்ததெல்லாம் பாலுன்னு இருந்திராதிய அண்ணாச்சி,” என்று எனக்கே புத்தி சொன்னார். அவர் போனில் இருந்து படத்தை அழிக்கச் சொன்னேன். அழித்துவிட்டேன் என்றார். அழித்தாரா என்று எனக்குத் தெரியாது.

ஏழு புத்தகங்களையும் படித்து முடித்தேன். ஐந்தாவதை வீட்டில் யாரும் இல்லாத ஒரு பகலில்தான் படித்தேன். மகள் சொன்னது சரி. பட்டியலில் இன்னும் இரண்டு சேர்த்திருக்கிறாள் என்று மனைவி சொன்னாள். என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறேன் என்று இருவரும் யோசிப்பார்கள்.

இப்போது அவர்கள் பூங்காவில் கூடுவதில்லை. வேறு இடம். எங்கே என்று மனைவிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. போன சனிக்கிழமையும் மூன்றரைக்கு மகள் சைக்கிளை எடுத்தாள். டியூஷன் என்று சொல்லவில்லை. “வெளிய போறேன்,” என்றாள். சரிம்மா என்றேன். தெருமுனை வரை போய், காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தாள். நான் கேட்டுக்கு உள்ளேதான் நின்றுகொண்டிருந்தேன், வண்டிச் சாவி கூடக் கையில் இல்லை. அவள் முனையில் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் சைக்கிளின் முன்சக்கரம் மட்டும் மறுபடி தெருவுக்குள் எட்டிப் பார்த்தது. நான் நிற்பதைப் பார்த்துவிட்டு மறைந்தது.